ஜெர்மனில எம்எஸ்சி சீட் கெடச்சிருச்சு, வீட்டுக்காரர் கூடவே வரதா இல்ல அப்புறமா வரதா?

சிங்காநல்லூர் பொண்ணு:

வணக்கங்க எல்லாத்துக்கும். ஒரு வருசமா இங்க படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன், எழுதறது இதான் மொத தடவை, கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்ங்க.

நான் கோயமுத்தூர், வயசு 28. இசிஇ முடிச்சு ஆறு வருசமா கார் சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல வேலை. வர்ற அக்டோபர்ல கெம்னிட்ஸ்ல எம்எஸ்சி சேர அட்மிஷன் லெட்டர் வந்திருச்சு. நம்ம டிகிரிய சரிபாத்துக் குடுக்கற ஏபிஎஸ் சர்டிபிகேட் போன வருசமே 18,000 கட்டி வாங்கி வெச்சுட்டேன். அங்க செலவுக்கு மாசாமாசம் மட்டும் எடுக்கற மாதிரி பூட்டி வெக்கற பிளாக்டு அக்கவுண்ட்ல போட வேண்டிய 11,904 யூரோவுல பாதி நான் சேத்து வெச்சது, மீதிக்கு அப்பா ஒரு சைட்ட வித்துக் குடுத்தாரு. அங்க ட்யூஷன் ஃபீஸ் இல்ல, செமஸ்டருக்கு ஒரு தொகை கட்டுனா போதும், பஸ் ட்ரெயின் டிக்கெட்டும் அதுலயே வந்துருதுன்னாங்க. படிப்பு விசயத்துல எனக்கு பயமில்லைங்க.

கவலை வேற. கல்யாணமாகி ரெண்டு வருசம் ஆச்சு. வீட்டுக்காரருக்கு 32, டிப்ளமோ மெக்கானிக்கல், ஒரு பம்ப் கம்பெனில சிஎன்சிங்கற கம்ப்யூட்டர் மெஷின் செக்ஷன் சூப்பர்வைசர். சம்பளம் 46,000, அதுல வீட்டு லோனுக்கு 17,500 போயிரும். நான் கிளம்புனா என்ற சம்பளம் நின்னுரும், அவரும் வந்தா ரெண்டும் நின்னுரும், லோன் மட்டும் நிக்காது.

அவரு என்னைய தடுக்கவே இல்லைங்க. அப்ளை பண்ணச் சொன்னதே அவருதான். ஆனா அட்மிஷன் வந்த அன்னைக்கு கிருஷ்ணா ஸ்வீட்ஸ்ல மைசூர்பா வாங்கிட்டு வந்து அக்கம் பக்கத்துக்கெல்லாம் குடுத்துட்டு, மொட்ட மாடிக்குப் போயி ஒரு மணி நேரம் தனியா உக்காந்திருந்தாரு. நான் மேல போயி என்னாச்சு மாமான்னு கேட்டா ஒண்ணுமில்ல காத்து நல்லா வருதுங்கறாரு. எங்க அத்தை வேற "பொண்டாட்டிக்கு சமைச்சுப் போடறதுக்கா என்ற பையன் அத்தன தூரம் போறான்"னு அவரு காதுபடவே சொல்லிட்டாங்க. விசா விசயமா ஒரு ஏஜென்ட் கிட்ட போனோம், அந்தாளு பேச்சுக்குப் பேச்சு இவர "டிபெண்டன்ட் டிபெண்டன்ட்"னே சொல்லிட்டிருந்தாரு, வண்டில வரும்போது இவரு வாயே தொறக்கல.

ஒண்ணா கிளம்பறதா, இல்ல நான் முன்னாடி போயி ஒரு ஆறு மாசம் கழிச்சு அவர வரச் சொல்றதா? அவர அங்க வேலை பாக்க விடுவாங்களா, இல்ல ரெண்டு வருசம் வீட்டுலயே உக்காரணுமா? ஜெர்மன் எவ்வளவு தெரிஞ்சிருக்கணும்? ஜோடியா போயி இருந்தவங்க யாராச்சும் இருந்தா நடந்தத நடந்தபடி சொல்லுங்க. நல்லது மட்டும் சொல்ல வேண்டாம்.


எல்பே கரை:

மொதல்ல வாழ்த்துக்கள்மா. நான் மதுரை, இப்ப டிரெஸ்டன்ல இருக்கேன், உங்க கெம்னிட்ஸ்ல இருந்து ட்ரெயின்ல ஒரு மணி நேரம்தான். நானும் இதே மாதிரி 2021 அக்டோபர்ல படிக்க வந்தவ, எங்க வீட்டுக்காரரும் நானும் ஒரே ஃப்ளைட்ல வந்து எறங்குனோம். நீங்க கேட்ட மாதிரியே நடந்தத சொல்றேன்.

வேலை பாக்க விடுவாங்களான்னு கேட்டீங்கல்ல, விடுவாங்க. ஸ்டூடென்ட்டோட கணவனோ மனைவியோ குடும்ப விசால வந்தா அவங்க கார்டுலயே வேலை செய்ய அனுமதி உண்டுன்னு போட்டிருக்கும், இத்தன மணி நேரம்தான்னு கட்டுப்பாடு கெடையாது. சொல்லப்போனா உங்களுக்குத்தான் கட்டுப்பாடு, வருசத்துக்கு 140 முழு நாள் இல்லேன்னா 280 அரை நாள். அவருக்கு அது இல்ல. சட்டத்துல அவருக்கு உங்கள விட அதிக சுதந்திரம் இருக்குன்னு இன்னைக்கே அவர்கிட்ட சொல்லுங்க. அந்த ஏஜென்ட் சொன்ன வார்த்தைய அப்பறம் அவரு மறந்துருவாரு.

ஆனா அனுமதி இருக்கறது வேற வேலை கெடைக்கிறது வேற, அங்கதான் நாங்க அடி வாங்குனோம். எங்க ஆளு விசாவுக்காக ஜெர்மன் மொழில மொத படியான ஏ1 பரீட்சை மட்டும் மனப்பாடம் பண்ணி பாஸ் பண்ணிட்டு வந்தவரு. அது "என் பேரு இது, நான் இந்தியால இருந்து வரேன், எனக்கு தக்காளி வேணும்"ங்கறதுக்குத்தான் பத்தும். வந்து எறங்குனா பேக்கரில அந்தம்மா திருப்பி ஒரு கேள்வி கேட்டா இவருக்குப் புரியாது, தலைய மட்டும் ஆட்டுவாரு, அவங்க வேற எதையோ பொட்டலம் கட்டிக் குடுத்துருவாங்க, அதையே வாங்கிட்டு வந்துருவாரு.

அதோட வீட்டுப் பிரச்சனை. விசாவுக்கு ஒரு வீட்டு அட்ரஸ் காட்டுனோம், வந்து பாத்தா அந்த வீடு கைய விட்டுப் போயிருச்சு. ஒரு சின்ன ரூம்ல ஒண்டிக்கிட்டோம், அந்த ஓனர் எனக்கு மட்டும்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு, ரெண்டாவது ஆளுக்கு முடியாதுன்னுட்டாரு. இங்க வீட்டுக்காரங்க கையெழுத்து இல்லாம முனிசிபல் ஆபீஸ்ல பேர பதிய முடியாது, அதத்தான் அன்மெல்டுங்னு சொல்லுவாங்க. அது இல்லேன்னா டாக்ஸ் நம்பர் தபால்ல வராது, பேங்க் அக்கவுண்டும் இழுத்தடிக்கும், ரெசிடென்ஸ் கார்டுக்கு அப்ளை பண்ணவும் முடியாது. அக்டோபர் நவம்பர் ரெண்டு மாசமும் அவரு இந்த ஊர்ல இருந்தும் காகிதத்துல இல்லாத ஆளா இருந்தாரு.

டிசம்பர்ல ஒரு வழியா ரெண்டு ரூம் வீடு கெடச்சு பேரும் பதிஞ்சாச்சு. ஆனா அவரோட இன்சூரன்ஸ் கார்டு மட்டும் வரவே இல்ல. மூணு வாரம் கழிச்சு போன் பண்ணிக் கேட்டா ரெண்டு தடவ அனுப்பி ரெண்டு தடவையும் திரும்பி வந்துருச்சுங்கறாங்க. ஏன்னு பாத்தா கீழ லெட்டர் பாக்ஸ்ல என் பேரு மட்டும்தான் ஒட்டியிருந்துச்சு. நம்ம ஊர்ல எனக்கு எங்கப்பா பேருதான் பாஸ்போர்ட்ல கடைசிப் பேரு, அவருக்கு அவங்கப்பா பேரு, ரெண்டும் வேற வேற. தபால்காரருக்கு அந்த வீட்டுல அப்படி ஒரு ஆளே இல்ல. அன்னைக்கு ராத்திரி அவரு ஒரு துண்டு பேப்பர்ல அவர் பேர எழுதி டேப் போட்டு ஒட்டுனாரு, குளிர்ல டேப் ஒட்டாம உரிஞ்சு உரிஞ்சு வந்துச்சு, கைய ஊதி ஊதி தேச்சுத் தேச்சு ஒட்டிட்டு அஞ்சு நிமிசம் அதையே பாத்துக்கிட்டு நின்னாரு. எனக்கு இப்ப நெனச்சாலும் தொண்டை அடைக்குது. டிசம்பர்ல நாலு மணிக்கெல்லாம் இருட்டிரும் இங்க. நான் காலைல காலேஜ் போயிட்டு வர்றப்ப இருட்டு, அவரு அந்த இருட்டுக்குள்ள லைட்டு கூடப் போடாம உக்காந்திருப்பாரு.

அதனால என் அபிப்பிராயம், ஒண்ணா வராதீங்க. நீங்க முன்னாடி வாங்க, ரெண்டு பேரையும் பதியற மாதிரி ஒரு வீட்ட புடிங்க, அதுவரைக்கும் அவரு அங்க சம்பளமும் வாங்கட்டும் ஜெர்மனும் படிக்கட்டும். கோவைலயே கோதே சென்ட்ரம் இருக்கு, ஏ1 ஏ2 அங்கயே முடிக்கலாம். ஆனா ஒண்ணு, சிங்கிள் ஹாஸ்டல் ரூம்ல போயி உக்காந்துட்டீங்கன்னா அவரு விசாவுக்கு வீடு பத்தாதுன்னு சொல்லிருவாங்க, அதனால ஆரம்பத்துலயே ஜோடிங்களுக்கான ஸ்டூடென்ட் ஃப்ளாட்டுக்கு அப்ளை பண்ணி வைங்க, அது கொஞ்சம்தான் இருக்கும், லிஸ்ட்ல பேரு நிக்கும். இல்லேன்னா வெளில வீட்டுவசதி கூட்டுறவு சங்கத்துக்காரங்க கிட்ட கேளுங்க, உங்க ஊர் பக்கம் அது நெறய, டிரெஸ்டன் லைப்சிக்க விட கெம்னிட்ஸ்ல வாடகை கம்மி. சங்கத்துல பங்கு வாங்கச் சொல்லுவாங்க, காலி பண்ணும்போது அந்தக் காசு திரும்ப வந்துரும். முக்கியமா கிச்சன் இருக்கான்னு கேளுங்க, இங்க வாடகை வீட்டுல பல எடத்துல வெறும் சுவரும் தண்ணிக் குழாயும்தான் இருக்கும், அடுப்பு சிங்க்கு எல்லாம் நம்மளே வாங்கி மாட்டணும். அட்வான்ஸ் மூணு மாச அடிப்படை வாடகைக்கு மேல கேக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு.

இன்சூரன்ஸ் விசயத்துல பயப்படாதீங்க. உங்களுக்கு 30 ஆகல, அதனால ஸ்டூடென்ட் ரேட்டு, மாசம் 140 யூரோவுக்கு மேல வரும். அவருக்கு வருமானம் இல்லாத வரைக்கும் உங்க இன்சூரன்ஸ்லயே அவரும் வந்துருவாரு, தனியா ஒரு பைசா கட்ட வேண்டாம். நிறைய பேரு இது தெரியாம தனியா பிரைவேட் இன்சூரன்ஸ் எடுத்து மாட்டிக்கிறாங்க. எங்களுக்கு அப்ப ரெண்டு பேருக்கும் எல்லாம் சேத்து மாசம் 1,350 யூரோ ஆச்சு, இப்ப வெல ஏறிருச்சு, கூடவே வெச்சுக்கோங்க.


டெக்சாஸ் பார்வதி:

நான் ஜெர்மனி இல்ல, ஆனா இதப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல. எங்க வீட்டுக்காரர் அமெரிக்காவுக்கு பிஎச்டி பண்ண வந்தப்ப நான் எஃப்2ங்கற துணை விசால கூட வந்தேன். அந்த விசால வேலை பாக்கவே கூடாது, முழு நேர டிகிரி படிக்கவும் முடியாது. சென்னைல ஒரு பேங்க்ல ஆபீசரா இருந்தவ நான், அஞ்சு வருசம் கிளாஸ்மேட்ஸ் வீட்டுக் கொழந்தைங்கள பாத்துக்கிட்டு, மளிகைக் கடைக்கு அடுத்தவங்க கார்ல தொத்திக்கிட்டு போயிட்டு வந்தேன். அவரு நல்ல மனுசன், ஆனா அவருக்கு லேப்ல ஆயிரம் பேரு, எனக்கு அவரு ஒருத்தர்தான். அவரு லேட்டா வந்தா எனக்கு அந்த நாள்ல பேச்சே கெடையாது.

இப்ப பிரிட்டன்ல 2024 ஜனவரில இருந்து சாதாரண மாஸ்டர்ஸ் படிக்கிறவங்க புருசன் பொண்டாட்டிய கூட்டிட்டு வரவே முடியாது, பெரும்பாலும் பிஎச்டி மாதிரி ரிசர்ச்சுக்குத்தான் விடறாங்க. கனடாலயும் 2025 ஜனவரில இருந்து மாஸ்டர்ஸ் 16 மாசத்துக்குக் குறையாம இருந்தாத்தான் துணைக்கு ஓப்பன் வொர்க் பெர்மிட். அதையெல்லாம் பாக்கறப்ப உங்களுக்குக் கெடச்சிருக்கறது பெரிய விசயம் தங்கச்சி. அவரு கைல வேலை செய்யற உரிமை இருக்கு, அத வீணாக்கிராதீங்க.


திருச்சி ஃபிட்டர்:

உங்க வீட்டுக்காரர் எடத்துல நான் இருந்தேன்மா, அதனால அவருக்கே எழுதற மாதிரி எழுதறேன், இத அவரையும் படிக்கச் சொல்லுங்க.

தம்பி, நான் டிப்ளமோ, துவாக்குடி பக்கம் ஒரு யூனிட்ல லேத் சிஎன்சி ரெண்டும் பாத்தவன். என் மனைவி 2021 அக்டோபர்ல மாக்டெபுர்க்ல எம்எஸ்சி சேர்ந்தா, நான் 2022 மார்ச்ல வந்தேன். அந்த ஆறு மாசத்துல ஏ2 வரைக்கும் முடிச்சுட்டுத்தான் வந்தேன். அதுவும் பத்தல, ஆனா ஒண்ணுமே இல்லாம வர்றதுக்கு இது எவ்வளவோ மேல். எல்பே கரை அக்கா சொன்னது சரி, முன்னாடி பின்னாடி வர்றது நல்லது, ஆனா ஆறு மாசத்துக்கு மேல இழுக்காதீங்க. விசாவே மாசக்கணக்குல ஆகும். அதுக்கு மேல லேட்டானா அங்க அவங்களுக்குன்னு ஒரு வாழ்க்கை ஓட ஆரம்பிச்சுரும், நம்ம அதுல விருந்தாளியா போயி நிக்கிற மாதிரி ஆயிரும். நான் போய் எறங்குனப்ப என் மனைவிக்கு எந்த ட்ராம், எந்தக் கடை, எந்த ஃப்ரெண்டு எல்லாம் தெரியும், நான் அவ கைய புடிச்சுக்கிட்டே ரோட்டக் கிராஸ் பண்றேன். அந்த மொத மாசம் சின்னச் சின்னதுக்கெல்லாம் சண்டை போட்டேன், இன்னைக்கு நெனச்சா அவமேல இருந்த கோவமே இல்ல அது.

மொத ஒரு வருசம் ஒரு கோடவுன்ல பார்சல் அடுக்குற வேலை, நைட் ஷிஃப்ட். ஊர்ல எனக்குக் கீழ எட்டு பேரு வேலை பாத்தாங்க, இங்க நான் பெட்டி தூக்குறேன்னு அம்மாகிட்ட சொல்லவே இல்ல. ஆனா அந்தச் சம்பளம்தான் வீட்டு லோன கட்டுச்சு, அவ படிப்ப நிம்மதியா முடிக்க வெச்சுச்சு, அத நான் என்னைக்கும் கொறச்சு நெனைக்க மாட்டேன். குடும்ப விசால வந்தவங்களுக்கு இன்டெக்ரேஷன் கோர்ஸ்னு ஒண்ணு உண்டு, 600 பாடவேளை மொழி, 100 பாடவேளை நாட்டோட சட்டம் வரலாறு, அரசாங்கம் பாதி செலவ ஏத்துக்கும். பகல்ல அது, ராத்திரி கோடவுன். வீட்டுல சமையல் கட்டுல எல்லா சாமானுலயும் பேரு எழுதி ஒட்டி வெச்சிருந்தா என் மனைவி, கத்திக்கு ஒண்ணு, உப்பு டப்பாவுக்கு ஒண்ணு, ஆண்பால் பெண்பால் பொதுப்பால்னு மூணு கலர் பேப்பர்ல. கத்தி பொதுப்பாலு, கரண்டி ஆண்பாலு, முள்ளுக்கரண்டி பெண்பாலு, ஏன்னு கேக்கக் கூடாது, அப்படியே மனசுல ஏத்திக்கணும். ரசம் வைக்கறப்பல்லாம் நான் அத சத்தமா படிப்பேன்.

ஏ2க்கு அடுத்த படியான பி1 முடிச்சப்புறம் என் டிப்ளமோவ நியூரன்பெர்க்ல இருக்கற ஐஹெச்கே ஃபோசாங்கற ஆபீஸுக்கு அனுப்பி, இங்க இருக்கற தொழில் படிப்போட ஒப்பிட்டுப் பாக்கச் சொன்னேன். அதுக்கு ஊர்ல இருந்தே பேப்பர் சேக்க ஆரம்பிங்க தம்பி. மார்க் ஷீட், சிலபஸ், நீங்க எந்த மெஷின் ஓட்டுனீங்க, எந்த கண்ட்ரோல், என்னென்ன பார்ட் போட்டீங்கன்னு கம்பெனி லெட்டர்ஹெட்ல விவரமா எழுதி வாங்கிட்டு வாங்க. சும்மா "இவர் எங்க கம்பெனில 8 வருசம் வேலை பாத்தார், நல்ல நடத்தை"ன்னு எழுதுனா இங்க அதுக்கு மதிப்பில்ல. வேலைய விட்டப்புறம் போய்க் கேட்டா தரமாட்டாங்க, விடறதுக்கு முன்னாடியே வாங்கிருங்க.

எனக்கு முழுசா ஒத்துக்கல, பாதிதான் ஒத்துக்கிட்டாங்க, ஆனா அந்தப் பேப்பர வெச்சு ஒரு சின்ன மெஷின் ஷாப்ல ஒரு நாள் வேலை செஞ்சு காட்டச் சொன்னாங்க. காலைல ஆறு மணி. ஃபோர்மேன் பேசுனதுல பாதி எனக்குப் புரியல, அந்த ஊர்ப் பேச்சு வேற. அவரு பாத்தாரு, பேசாம ஒரு ட்ராயிங்க எடுத்து மேசைல விரிச்சுட்டுப் போயிட்டாரு. ஒரு புஷ், உள் விட்டம் 30 மில்லிமீட்டர், டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு மாறலாம்ங்கற வரம்பு, ஹெச்7. தம்பி, அந்த எடத்துல எனக்கு எந்த பாஷையும் தேவைப்படல. ஆஃப்செட் எடுத்து, ஃபினிஷ் கட்டுக்கு முன்னாடி ஒரு தடவ அளந்து, ஆற விட்டு மறுபடியும் அளந்து, பர்ர எடுத்துத் தொடச்சு குடுத்தேன். அவரு அளவு சரிபாக்கற கேஜ உள்ள விட்டாரு. ஒரு பக்கம் வழுக்கிட்டுப் போச்சு, மறு பக்கம் போகல, அளவு சரின்னு அர்த்தம். நிமிந்து என்ன பாத்து தலைய ஒரு தடவ ஆட்டுனாரு. ரெண்டு வருசமா நான் யாரோட புருசன்னுதான் எல்லாரும் என்னக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. அந்த நிமிசம் நான் மறுபடியும் ஃபிட்டர்.

நீங்க போற ஊரு மெஷின் டூல் ஊரு தம்பி. ஒரு காலத்துல கெம்னிட்ஸ சாக்சனி மான்செஸ்டர்னு கூப்புட்டாங்க, உங்க கோயமுத்தூர தென்னிந்திய மான்செஸ்டர்ன்னு சொல்ற மாதிரியே. மில்லு, அதுக்கு மெஷின் செய்யற பட்டறைன்னு வளந்த ஊரு. உங்க கைல இருக்கற வேலைக்கு அங்க எடம் இருக்கு. மொழி மட்டும்தான் நடுவுல இருக்கற கதவு, பி1க்கு கீழ அந்தக் கதவு தொறக்காது.

அத்தை சொன்னது பத்தி. எங்கம்மாவும் சொன்னாங்க. நான் பதில் சொல்லல, சண்டையும் போடல. மார்ச்ல கிளம்பறப்ப அவங்களே முருங்கக் கீரைய காய வெச்சுப் பொடி பண்ணி கவர்ல கட்டிக் குடுத்தாங்க.


டோட்முண்ட் மாமா:

பிள்ளை, நான் யாழ்ப்பாணம், 1986ல இஞ்ச வந்தனான். நாங்கள் படிக்க வரேல்லை, உயிரைக் காப்பாத்த வந்தனாங்கள். முதல் கொஞ்ச வருசம் எங்களுக்கு வேலை செய்ய அனுமதியும் இல்லை, டொச், அதான் ஜெர்மன் மொழி, படிப்பிக்க ஆக்களும் இல்லை. பிறகு ஒரு ரெஸ்டாரண்ட் குசினியில கோப்பை கழுவத் தொடங்கி பதினாலு வருசம் அங்கயே நிண்டுட்டன். அங்க எல்லாரும் வெளிநாட்டு ஆக்கள், டொச் கதைக்கிற தேவையே வரேல்லை. என்ர பிள்ளையள் பள்ளிக்கூடம் போய்த்தான் எனக்கு வார கடிதங்களை வாசிச்சுச் சொன்னவை. எட்டு வயசுப் பிள்ளை தகப்பனுக்கு வங்கிக் கடிதம் வாசிக்கிறது நல்லதில்லை.

அதால தம்பிக்குச் சொல்லுங்கோ, வந்த உடன தமிழ் ஆக்களோட மட்டும் சேர்ந்து நிக்க வேண்டாம். எங்கட ஆக்கள் உதவி செய்வினம், அரிசி, கறிவேப்பிலை, தேங்காய்ப்பூ எல்லாம் தமிழ்க் கடையளில வாங்கலாம், ஹம் காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு வாங்கோ, அங்க வந்தா ஊரில நிக்கிற மாதிரித்தான் இருக்கும். ஆனா கிழமைக்கு ரெண்டு நாளாவது டொச் ஆக்களோட மினக்கெடோணும், ஃபுட்போல் கிளப்போ, தோட்டமோ, எதெண்டாலும். பிழையாக் கதைச்சாலும் பரவாயில்லை, அவை சிரிக்க மாட்டினம், திருத்தித்தான் விடுவினம்.

பிறகு, கடிதம் வந்தா அண்டைக்கே உடைச்சுப் பாருங்கோ. இஞ்ச எல்லாத்துக்கும் திகதி இருக்கு. ரேடியோ டிவி காசு எண்டு ஒண்டு வரும், வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ, டிவி இல்லாட்டிலும் கட்டோணும். களவுக் கடிதமாக்கும் எண்டு எறிஞ்சு போட்டு பிறகு கஷ்டப்பட்ட மாணவப் பிள்ளையள் நிறையப் பேரைக் கண்டிருக்கிறன்.


சிங்காநல்லூர் பொண்ணு:

எல்லாத்துக்கும் ரொம்ப ரொம்ப நன்றிங்க. நேத்து ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்தவர் கைல போனக் குடுத்துட்டு நான் தூங்கப் போயிட்டேன். காலைல எந்திரிச்சுப் பாத்தா திருச்சி அண்ணன் எழுதுனத மட்டும் ஸ்க்ரீன் ஷாட் எடுத்து வெச்சிருக்காரு. டீ போட்டுட்டு வந்து "ஹெச்7ன்னா 30க்கு 21 மைக்ரான், அதுக்குள்ள போட்டிருக்காருடி அந்தாளு"ன்னு எனக்குப் பாடம் எடுக்கறாரு. எத்தனையோ மாசம் கழிச்சு அவரு இந்த விசயத்தப் பத்தி தானா வாயத் தொறந்தது இன்னைக்குத்தான்.

முடிவு பண்ணிட்டோம்ங்க. நான் செப்டம்பர் கடைசில கிளம்பறேன். அவரு அடுத்த வாரத்துல இருந்து ஏ1 சாயந்தர பேட்ச், கம்பெனில பேசி ஷிஃப்ட்ட மாத்திக் கேட்டிருக்காரு. ஏ1 பாஸான உடனே சென்னைல விசாவுக்குக் குடுத்துட்டு, அது வர்ற வரைக்கும் ஏ2 படிக்கறாரு. பிப்ரவரி மார்ச்சுக்குள்ள வந்துரணும்னு பேச்சு. லோனுக்கு ஒரு வருச இஎம்ஐய தனியா ஒரு அக்கவுண்ட்ல போட்டு வெச்சுட்டுத்தான் அவரு வேலைய விடறாரு, அதுக்காக வண்டிய விக்கறோம்.

இன்னும் ரெண்டு சந்தேகம். எங்களுக்கு மருதமலைல கல்யாணம், கோயில் ரசீது மட்டும்தான் இருக்கு, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதியல, அது போதுமா? அப்பறம் அவரு லைசன்ஸ் அங்க செல்லுமா?


எல்பே கரை:

கோயில் ரசீது செல்லவே செல்லாது, நாளைக்கே சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்கு ஓடுங்க. தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி கல்யாணம் ஆன 90 நாளுக்குள்ள பதியணும், உங்களுக்கு ரெண்டு வருசம் தாண்டிருச்சு, அதனால என்ன வழின்னு அங்கயே கேட்டு இந்த மாசமே முடிங்க. அதுல ரெண்டு பேரு பேரும் பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே எழுத்துக்கு எழுத்து வரணும், இனிஷியல் ஒண்ணுல முன்னாடி ஒண்ணுல பின்னாடின்னு இருந்தா இங்க ஒவ்வொரு ஆபீஸ்லயும் நின்னு விளக்கம் சொல்லணும். நாங்க இன்னமும் சொல்லிக்கிட்டு இருக்கோம். அவரு வர்றதுக்கு முன்னாடியே லெட்டர் பாக்ஸ்ல அவரு பேர ஒட்டிருங்க, நல்ல கடைல ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டுங்க.


திருச்சி ஃபிட்டர்:

லைசன்ஸ் வந்து குடியேறுன நாள்ல இருந்து ஆறு மாசம்தான் செல்லும், அதுக்கப்புறம் எழுத்துப் பரீட்சை, ஓட்டிக் காட்டுறது ரெண்டும் எழுதி புதுசா வாங்கணும். மெஷின் ஷாப்பெல்லாம் ஊருக்கு வெளில இருக்கும், காலை ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு பஸ் இருக்காது, அதனால அதுக்கும் காசு ஒதுக்கி வைங்க. தம்பி நல்ல சம்பளத்துக்கு வந்ததும் டாக்ஸ் கிளாஸ் 3க்கு மாத்திக்கச் சொல்லுங்க, கல்யாணமாகி ஒருத்தர் மட்டும் சம்பாதிக்கற வீட்டுக்கு மாசாமாசம் கைக்கு வர்ற காசு கூடும், தானா மாத்த மாட்டாங்க, நம்மதான் எழுதிக் குடுக்கணும்.

ஏ1 பேட்ச் ஆரம்பிச்சதும் எனக்கு எழுதச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை இங்க கடையெல்லாம் சாத்திருக்கும், நான் வீட்டுலதான் இருப்பேன், போன்ல ஒரு மணி நேரம் ஜெர்மன்லயே பேசிப் பழகலாம். மெஷின் ஷாப்ல பேசற வார்த்தைங்க கோர்ஸ் புஸ்தகத்துல வராது, அத நான் சொல்லித் தரேன்.


சிங்காநல்லூர் பொண்ணு:

அண்ணா, அவரு இப்பவே உங்களுக்கு மெசேஜ் போட்டிருக்காரு பாருங்க. ஞாயித்துக்கிழமைக்கு ரெடின்னுட்டாரு.

அத்தை கிட்டயும் சொல்லிட்டோம். ஒண்ணும் பேசல. ஆனா மத்தியானம் வந்து குக்கர் எடுத்துட்டுப் போலாமா, அங்க அடுப்பு எப்படின்னு கேட்டாங்க. எடுத்துட்டு வரலாம்ங்களா?


எல்பே கரை:

எடுத்துட்டு வாங்க, ஆனா அலுமினியம் வேண்டாம், இங்க கரண்டு அடுப்புதான், சில வீட்டுல இண்டக்ஷன். எவர்சில்வர்ல அடி தட்டையா இருக்கற மூணு லிட்டர் போதும். கேஸ்கட்டும் வெயிட்டும் ரெண்டு செட் கூட வாங்கி வைங்கன்னு அத்தை கிட்ட சொல்லுங்க, நம்ம ஊர் சைஸ் இங்க கெடைக்காது.